ஒகேனக்கல் பாறையில் ஒரு கட்டைவிரல்



பென்னாகரத்தைத் தாண்டி மலைச்சாலையில் பேருந்து இறங்கத் தொடங்கியதுமே காற்றில் ஈரம் தெரியும். தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர். ஒகேனக்கல்லில் காலை வைத்தவர் காதில் அருவிச் சத்தம் விழுவதற்கு முன்னால் "சார், ஆயில் மசாஜ், வாங்க சார்" என்ற குரல் விழுந்துவிடும். அடுத்தவர் பரிசலுக்குக் கூப்பிடுவார். மூன்றாவது, மீன் வறுவல் வாசனை. அருவி நான்காவதாகத்தான் வரும்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்காமல் ஒகேனக்கல்லிலிருந்து திரும்பினால் போனதாகவே கணக்கில்லை என்பது பெங்களூரு, ஓசூர், சேலத்துக்காரர்கள் பலருடைய எண்ணம். அவர்களுக்காகப் பாறை ஓரத்தில் தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் புட்டியுமாகக் காத்திருக்கிறார்கள் மசாஜ் தொழிலாளர்கள். பரிசல் ஓட்டுவதைப் போலவே இதுவும் இந்த ஊரின் பிழைப்பு. அவர்களிடம் தேய்த்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களின் உடம்பு லேசானதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தேய்த்தவரின் உடம்பு என்ன ஆனது என்பதைத்தான் இன்று கொஞ்சம் பார்க்கப் போகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பாறைகளுக்கு நடுவே நின்று ஒரே ஒருவரின் கையை மட்டும் கவனித்தால் போதும். வந்தவர் ஈரப் பாறையில் குப்புறப் படுக்கிறார். மசாஜ்காரர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருகிறார். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி உச்சந்தலையில் தப்தப்பென்று தட்டுகிறார். பிறகு பிடரிக்கு இருபுறமும் இரண்டு கட்டைவிரலையும் ஊன்றி, முதுகெலும்பின் ஓரமாகவே இடுப்புவரை உருவிக்கொண்டு போகிறார். கட்டைவிரல் நுனி பின்பக்கமாக வளைந்து நகம் வெளுத்துவிடுகிறது. படுத்திருப்பவர் சொல்கிறார்: "இன்னும் கொஞ்சம் அழுத்துங்கண்ணா." அவரும் அழுத்துகிறார். தோள், கை, விரல் விரலாகச் சொடக்கு, தொடை, கெண்டைக்கால் என்று போய்க்கொண்டே இருக்கிறது. முடிந்ததும் ஆள் எழுந்து அருவிப் பக்கம் ஓடிவிடுகிறார். மசாஜ்காரர் எழுந்திருக்க ஒரு கையைப் பாறையில் ஊன்றி, மற்றொரு கையை முழங்காலில் வைத்து, மெதுவாக நிமிர்கிறார். நிமிர்ந்ததும் இரண்டு கைகளையும் தண்ணீர் சொட்ட உதறுவதுபோல் உதறிக்கொள்கிறார்.

அந்த உதறலில் ஒரு செய்தி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கட்டைவிரல்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு மூட்டு உண்டு. குதிரைச் சேணம்போல ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்த இரண்டு சிறு எலும்புகள். விரலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்ப முடிவது இந்த அமைப்பால்தான். அதற்கு விலையும் உண்டு. 1977இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கட்டைவிரல் நுனியால் ஒரு கிலோ விசையில் ஒன்றைக் கிள்ளிப் பிடித்தால், அடி மூட்டின்மேல் ஏறத்தாழ 12 கிலோ விசை ஏறுகிறது. நுனியில் ஒன்று, அடியில் பன்னிரண்டு. அந்த விகிதத்தில் பார்த்தால், நாலு கிலோ விசைக்கு அந்தச் சின்ன மூட்டு தாங்குவது கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமெண்டின் கனம். ஒரு முதுகை உருவி முடிப்பதற்குள் இப்படி எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கட்டைவிரலை இழுக்கிற தசைநார்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. ஓயாத உராய்வில் அந்த உறை தடித்துப்போனால் எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திருகுவதே பெரும்பாடாகிவிடும். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வைன் பெயரில்தான் இன்றும் இந்த நோயைச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீரென்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

இப்போது அந்த உதறலுக்கு வருவோம். மணிக்கட்டின் நடுவில் ஒரு குறுகிய பாதை. ஒன்பது தசைநார்களும் ஒரு முக்கிய நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மருத்துவர்கள் கார்ப்பல் டனல் என்பார்கள். மணிக்கட்டை மடக்கி அழுத்தும்போதெல்லாம் உள்ளே இறுக்கம் கூடி நரம்பு நசுங்குகிறது. இதன் அடையாளம் இரவில்தான் தெரியும். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி என இவ்வளவும் மரத்துப்போய், தூக்கத்தில் முழிப்புத் தட்டும். சுண்டுவிரல் மட்டும் சும்மா இருக்கும். எழுந்து கையை உதறினால் கொஞ்சம் தேவலை. இதைப் பெரும்பாலானோர் "பித்தம்" என்றோ "வாயு" என்றோ தள்ளிவிடுகிறார்கள். வருடக்கணக்கில் தள்ளினால் கட்டைவிரல் அடியிலிருக்கும் மேடான சதை வற்றிப்போகும். பிறகு சட்டைப் பொத்தானைப் போடுவதற்கே மனைவி வர வேண்டும்.

முதுகும் தப்புவதில்லை. ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960, 70களில் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தையே அளந்தார். நேராக நிற்கும்போது இருப்பதை 100 என்று வைத்துக்கொண்டால், நின்றபடி முன்னால் குனியும்போது 150, உட்கார்ந்து குனியும்போது 185. பாறையோரம் குந்தி, குனிந்து, பக்கவாட்டில் திரும்பித் தேய்க்கிறவர் நாள் முழுக்க எந்த எண்ணில் இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், எண்ணெய் சிந்திய பாறையில் வழுக்கி விழுவது, சித்திரை வெயிலில் காய்ந்த பாறையின் சூடு எல்லாம் இதற்குமேல்.

ஆனால் இந்தத் தொழிலின் உண்மையான வில்லன் ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கிறேன்.

செவ்வாயும் புதனும் ஆளே வருவதில்லை. ஞாயிறன்றோ ஒருவர் எழுவதற்குள் அடுத்தவர் படுத்துவிடுகிறார். வாரம் முழுவதும் சும்மா கிடந்த கை ஒரே நாளில் ஒரு வாரத்து வேலையைச் செய்கிறது. தசைநாருக்கு ஆகவே ஆகாதது இந்த ஏற்ற இறக்கம்தான். காவிரி இதை இன்னும் மோசமாக்குகிறது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் நீர்வரத்தை அளக்கிறார்கள். வரத்து கூடினால் குளிப்பதற்கும் பரிசலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். மேட்டூர் அணை 120 அடியைத் தொட்ட 2018 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் ஒகேனக்கல் தடையில்தான் கிடந்தது. 2020 கொரோனா ஊரடங்கில் ஊரே மூடிக்கிடந்தது. அதுவும் ஓய்வுதான், கூலியில்லாத ஓய்வு. தடை நீங்கிய அன்று, வாங்கிய கடனை அடைக்க, பழக்கம் விட்டுப்போன கையோடு இரண்டு பங்கு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த முதல் வாரம்தான் ஆபத்தான வாரம். அப்போது முதல் இரண்டு நாள் பாதி ஆட்களோடு நிறுத்திக்கொள்வது சோம்பல் ஆகாது.

சரி, கையைக் காப்பாற்றிக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்ய வழி இருக்கிறதா? இருக்கிறது. தொட்டு அழுத்துவதையே தொழிலாகக் கொண்ட பழைய மரபுகள் எல்லாம் இதை எப்போதோ கண்டுகொண்டன. கேரளத்துக் களரிகளில் சவிட்டி உழிச்சில் என்று ஒன்று உண்டு. உழிபவர் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் பூசிய பாதத்தால் முதுகில் உருவுகிறார். கைக்கு வேலையே இல்லை, உடல் எடைதான் வேலை செய்கிறது. 2019இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த தாய்லாந்தின் நுவாட் தாய் முறையில் முழங்கை, முழங்கால், பாதம் எல்லாம் பங்கெடுக்கின்றன. நம் சித்த மருத்துவத்தின் தொக்கணம் தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலான ஒன்பது வகையாக வேலையைப் பிரிக்கிறது. மாற்றி மாற்றிச் செய்தால் ஒரே தசை ஓயாமல் உழைக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் பாறையில் காண்பதோ பெரும்பாலும் அழுத்தல் ஒன்றே. காரணம், காசு கொடுப்பவர் கேட்பது அதைத்தான்.

பாறையில் கயிறு கட்ட முடியாது, உண்மைதான். ஆனால் அழுத்தமாக உருவ வேண்டிய இடத்தில் கட்டைவிரலை விட்டுவிட்டு முன்கையை வைக்கலாம், மடக்கிய முஷ்டியை வைக்கலாம். கட்டைவிரலே வேண்டுமென்றால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டையும் வைத்து, நுனி பின்னால் வளையாமல் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டு முன்கையோடு ஒரே கோட்டில் இருக்கட்டும். முழங்கையை நீட்டி, தோளிலிருந்து சாய்ந்தால் உடல் எடை தானாக இறங்கும், கை வெறும் கம்பாக நின்றால் போதும். குந்துவதற்குப் பதில் ஒரு முழங்காலின் கீழ் மடித்த சாக்கைப் போட்டு ஊன்றலாம். இடுப்பளவு உயரப் பாறை கிடைத்தால் அதை விடவே கூடாது. குனிவதில் பாதி அங்கேயே மிச்சம். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே பத்து நிமிடம் விட வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை அது காசை ஆற்றில் விடுவதுபோல்தான் தோன்றும். கை போய்விட்டால் எந்தக் கிழமையும் காசு வராது. இரவில் மரத்துப்போகிறவர்கள் தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைக் கட்டிக்கொள்வது ஆரம்ப நிலையில் நல்ல பலன் தரும். மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கட்டுவது நல்லது.

வலிக்கிற இடத்தில் அதே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு திங்கட்கிழமையும் அதே விரலால் அழுத்துவது மட்டும் வேண்டாம். ஊருக்கு வைத்தியம் சொல்பவர் தனக்கு வைத்தியம் பார்க்கிறபோது செய்கிற தவறு இதுதான்.

மருத்துவரிடம் போனால் என்ன சொல்வது? இத்தாலியின் பெர்னார்டினோ ராமசினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறாய்?" என்ற கேள்வியையும் மருத்துவர் கேட்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். முந்நூறு ஆண்டு ஆகியும் கூட்டமான புறநோயாளிப் பிரிவில் அந்தக் கேள்விக்கு நேரம் கிடைப்பது அரிது. எனவே கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்: மசாஜ் வேலை, இத்தனை வருடமாக, வலி எந்த விரலில், இரவில் அதிகமா என்று.

தருமபுரிக்காரர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார்கள் என்பதை. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை படிவதோடு நிற்காமல் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். இதற்கு மாற்றாகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து ஐம்பது வயதைத் தொட்டுவிட்ட ஒருவரின் முதுகு வலிக்குத் தொழில் மட்டும் காரணமாக இராது. இரண்டு காரணங்களுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சிகிச்சைக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பென்னாகரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. 16 வயது முதல் 59 வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர்கள் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பெயரைப் பதியலாம். அறுபது வந்தபிறகு பதிய முடியாது என்பதை இந்த வேலையில் மூத்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த முறை ஒகேனக்கல் போகிற நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். கொஞ்சம் உயரமான பாறையாகப் பார்த்துப் படுங்கள். "இன்னும் அழுத்துங்க" என்று சொல்லாதீர்கள். முன்கையால் தேய்த்தால் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். முடிந்து எழுந்ததும் அவர் கையை உதறினால், பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, உங்கள் நண்பரைப் பத்து நிமிடம் கழித்து வரச் சொல்லுங்கள். அருவி எங்கேயும் போய்விடாது.