தண்ணீரின் கணக்கு

 

கழகத்தின் மாலை வகுப்புகளில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சார்பில் இவ்வுரையை நிகழ்த்துகின்றோம். வெள்ளி விழா மேடையில் தலைவர்களின் தியாகத்தைப் பற்றிப் பேசுவார்கள். கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவார்கள். நாங்களோ தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். ஒரு பொருள் ஏன் மிதக்கிறது, மற்றொன்று ஏன் மூழ்குகிறது என்பதே பொருள். விழா நாளிலும் வகுப்பா என்று மாணவர்கள் சலித்துக்கொள்ள வேண்டா. மழை குறைந்த கரிசல் சீமை நம்முடையது. தண்ணீரைத் தேடியும் சுமந்தும் வாழ்ந்த மக்கள் நாம். அந்தத் தண்ணீர் நம் முன்னோருக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு. அதை ஏட்டிலும் படித்தறிய வேண்டிய காலம் இது.

கிணற்றில் நீர் இறைத்தவர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். வாளி நீருக்குள் இருக்கும்வரை கயிறு இலேசாக வருகிறது. வாளி நீர்மட்டத்தை விட்டு மேலே எழும்பிய நொடியிலேயே கை கனக்கிறது; தோள் இறங்குகிறது. ஏன்? ஒரு கிலோ எடையுள்ள இரும்பு வாளியில் 10 லிட்டர் நீர் நிறைந்திருக்கிறது என்று கொள்வோம். நீருக்குள் இருக்கும்போது அந்த 10 லிட்டர் நீரும் கைக்குக் கனப்பதில்லை. சுற்றியுள்ள நீரே அதனைத் தாங்கிக்கொள்கிறது. வாளியின் இரும்புகூட 1,000 கிராமுக்குப் பதில் ஏறத்தாழ 870 கிராம் மட்டுமே கனக்கிறது. வெளியே வந்தபின் 11 கிலோவும் நம் கைக்கு வருகிறது. இந்த உண்மையை நம் தாய்மார்கள் நாள்தோறும் உள்ளங்கையில் உணர்ந்தவர்களே.

இதற்கு விதி வகுத்தவர் ஆர்க்கிமிடிஸ். சிசிலித் தீவில் சிரக்கியூஸ் என்னும் நகரில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் கண்ட விதி இது: ஒரு பொருள் திரவத்தில் முழுவதுமோ பகுதியோ அமிழும்போது, அது எவ்வளவு திரவத்தை விலக்குகிறதோ, அவ்வளவு திரவத்தின் எடைக்குச் சமமான விசை அதனை மேல்நோக்கித் தாங்குகிறது. இவ்விசை எங்கிருந்து வருகிறது? நீரில் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுகிறது. அமிழ்ந்த பொருளின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஆழத்தில் இருப்பதால், கீழிருந்து தள்ளும் விசை மேலிருந்து அமுக்கும் விசையைவிட மிகுதியாக இருக்கிறது. அந்த மிகுதியே மேல்நோக்கு விசை. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

எடை மிகுந்தது மூழ்கும், எடை குறைந்தது மிதக்கும் என்பது பலருடைய எண்ணம். அது பிழை. பல நூறு கிலோ எடையுள்ள மரம் ஆற்றில் மிதந்து செல்கிறது. சிறிய ஆணி மூழ்கிவிடுகிறது. 100 கிராம் எடையுள்ள எவர்சில்வர்க் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள உலோகம் மட்டும் அடைத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ 13 கன சென்டிமீட்டர். உருக்கி உருண்டையாக்கினால் அது 13 கிராம் நீரைத்தான் விலக்கும், ஆகவே மூழ்கும். கிண்ண வடிவில் நீரின்மேல் நிமிர்த்தி வைத்தால், 100 கிராம் நீரை விலக்கும்வரை இறங்கி, அங்கே நின்று மிதக்கும். பொருள் அதுவே; எடையும் அதுவே. எவ்வளவு நீரை விலக்க இடம் பெற்றது என்பதே வேறுபாடு. இன்று வீட்டிற்குச் சென்றதும் இதனைச் செய்து பாருங்கள்.

இவ்விதி ஏட்டோடு நிற்பதன்று. பாலில் நீர் கலந்திருக்கிறதா என்பதைப் பால்மானி காட்டுகிறது. பால் நீரைவிடச் சற்றே அடர்ந்தது. அதன் ஒப்படர்த்தி 1.03 அளவில் இருக்கும். நீர் கலந்தால் அடர்த்தி குறையும். பால்மானி இன்னும் ஆழமாக இறங்கும். எண்ணெய் வணிகத்திற்குப் பேர்பெற்றது நம் விருதுநகர். கடலை எண்ணெயின் ஒப்படர்த்தி 0.91 அளவு. ஆகவே 15 லிட்டர் எண்ணெய் 15 கிலோ ஆகாது, ஏறத்தாழ 13.7 கிலோதான். டின்மேல் எழுதியிருப்பது லிட்டரா கிலோவா என்று பார்த்து வாங்கத் தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. அடுப்பில் காயும் எண்ணெயில் தீப்பற்றினால் நீர் ஊற்றக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. நீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகிப் பொங்கி, எரியும் எண்ணெயை வாரி இறைத்துவிடும். தட்டால் மூடி, அடுப்பை அணைப்பதே முறை.

இனி நம் முன்னோரின் கதைக்கு வருவோம். பாண்டி நாட்டுக் கண்மாய்களின் உட்புறத்தில் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பல ஊர்களில் இன்றும் காணலாம். அவற்றின் அடியில் இருப்பது குமிழித்தூம்பு. கண்மாயின் தரைமட்டத்தில் உள்ள துளையைக் கல்லோ மரமோ கொண்டு அடைத்திருப்பார்கள். வயலுக்கு நீர் வேண்டும்போது ஒருவர் நீந்திச் சென்று, மூச்சடக்கி மூழ்கி, அந்த அடைப்பைத் தூக்க வேண்டும். நீர்க்கட்டி என்றும் மடைக்குடும்பர் என்றும் அழைக்கப்பட்ட அம்மக்கள், பெரும்பாலான ஊர்களில் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்தவர்களே.

அவர்கள் செய்த வேலையின் கடுமையை இயற்பியல் கொண்டு அளந்து பார்ப்போம். நீரில் மூழ்கிய கல் இலேசாகும் என்று கண்டோம். 27 கிலோ கருங்கல் 10 லிட்டர் நீரை விலக்கும். ஆகவே நீருக்குள் 17 கிலோவே கனக்கும். ஆனால் துளையை இறுக அடைத்திருக்கும் கல் அப்படி இலேசாவதில்லை. அதன் அடியில் நீர் இல்லை. கீழே இருப்பது வெறும் தூம்பு. கீழிருந்து தள்ள நீர் இல்லாதபோது மேல்நோக்கு விசை எங்கிருந்து வரும்? மேலிருந்து அமுக்கும் நீர் மட்டுமே எஞ்சும். துளை 20 சென்டிமீட்டர் சதுரம், நீரின் ஆழம் 3 மீட்டர் என்று கொண்டால், அந்த அடைப்பின்மேல் நிற்கும் நீரின் எடை 120 கிலோ! அடைப்பின் எடை வேறு. அடைப்பு துளையை விட்டு விலகி, நான்கு புறமும் நீர் சூழ்ந்தபின்தான் இலேசாகும். அதற்குள் நீர் தூம்பினுள் பாயத் தொடங்கிவிடும். அந்த இழுப்பில் கையோ காலோ சிக்காமல் மேலே வர வேண்டும். இத்தனையையும் ஒரே மூச்சில் செய்தாக வேண்டும். மடையில் உயிர் விட்டோரைப் பற்றிய கதைகள் ஊர்தோறும் வழங்குவது வியப்பன்று.

அம்மனிதர் எந்தப் பள்ளியிலும் படித்தவரல்லர். ஆயினும் எந்த ஆழத்தில் எவ்வளவு அழுத்தம், எந்தப் பக்கமாக அடைப்பை அசைத்தால் நீர் அடியில் புகும், எப்பொழுது கையை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் உடம்பால் அறிந்திருந்தார். ஊர் முழுவதற்கும் நீரைப் பங்கிட்டுத் தந்த அதே மனிதர், ஊர்ப் பொதுக் கிணற்றில் தம் குடத்தை இறக்க உரிமையற்றவராக இருந்தார். விலக்கிய நீரின் எடைக்கேற்பத் தாங்குவதே நீரின் இயல்பு. இறக்கியவர் யார் என்று அது கேட்டதில்லை. கேட்டது கிணற்றங்கரையில் நின்ற மனிதன்தான்.

அந்தக் கேள்வியை ஒழிக்க நடந்த போராட்டங்களை இளைஞர்கள் ஆண்டுகளோடு அறிந்திருக்க வேண்டும். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி, ஆயிரக்கணக்கான மக்களோடு நீரை அள்ளிப் பருகினார் அண்ணல் அம்பேத்கர். அக்குளத்தின்மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் உரிமை நம் பக்கமே என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1937 ஆயிற்று. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கிணறு, குளம், நீராடுதுறை என்று பெயர் சொல்லியே இந்த உரிமையை எழுதி வைத்தது; 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஆகவே இது முடிந்துபோன கதை என்று யாரும் எண்ணிவிட வேண்டா.

மிதக்கும் பொருளின் விதி உழைப்பாளியின் உயிரையே காத்த வரலாறு ஒன்றும் உண்டு. கப்பலில் பாரம் ஏற ஏற அது மேலும் நீரை விலக்கிக் கீழே இறங்குகிறது. அளவு மீறினால் ஓர் அலைக்கே கவிழ்ந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கப்பல் முதலாளிகள் சிலர், காப்பீட்டுப் பணம் இருக்கிறது என்ற துணிவில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினர், இறந்தவர்கள் மாலுமிகள். சாமுவேல் பிளிம்சால் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் இதனை எதிர்த்து ஓயாமல் போராடினார். அதன் பயனாக, கப்பலின் விலாவில் பாரக்கோடு ஒன்று வரைந்தாக வேண்டும் என்று 1876-இல் சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எங்கே வரைவது என்பதை அச்சட்டம் முதலாளியிடமே விட்டுவிட்டது! 1890-இல்தான் கோட்டின் இடத்தையும் சட்டமே வரையறுத்தது. நமக்கு அருகிலுள்ள தூத்துக்குடியில், 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட துறைமுகத்தில், இன்று வந்து நிற்கும் கப்பல்களின் விலாவிலும் அக்கோட்டைக் காணலாம்.

இக்கதையைச் சிவகாசிச் சீமையில் வாழும் நாம் மறக்கலாகாது. பட்டாசு ஆலையின் ஒவ்வோர் அறைக்கும் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. அதுவும் ஒரு பாரக்கோடே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின்னும் வெடி விபத்துகள் நின்றபாடில்லை. கோடு இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே வரையப்பட்டிருக்கிறது என்று படிக்கவும், மீறினால் ஏன் என்று கேட்கவும் அறையினுள் அமர்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் கல்வி கல்வி என்று சொல்வதன் பொருள் அதுவே.

இறுதியாக, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலம் வந்தால் கண்மாயிலும் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களிலும் பிள்ளைகள் மூழ்கி இறந்த செய்தி வந்துகொண்டேயிருக்கிறது. மடையின் ஆழம் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் நீந்தத் தெரியாமல் இறப்பது எவ்வளவு வேதனை! ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் நீச்சல் கற்றுக்கொடுங்கள். மூச்சு நிறைந்த நுரையீரலோடு மனித உடல் நீரைவிடச் சற்றே இலேசானது. ஆகவே மிகச் சிறு பகுதி மட்டுமே நீருக்கு வெளியே நிற்க முடியும். அச்சத்தில் இரு கைகளையும் உயரத் தூக்கினால், அச்சிறு பகுதி கைகளுக்கே போய்விடும். தலை உள்ளே போகும். கைகளை நீருக்குள் விரித்து, மல்லாந்து, முகத்தை மட்டும் மேலே வைத்தால் நீர் தாங்கும். பழைய நாளில் பிள்ளைகளின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டியதும் இக்கணக்குத்தான். நீரில் தத்தளிப்பவரைக் கண்டால், பழகாதவர்கள் குதிக்க வேண்டா. மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். 10 லிட்டர் கேன் ஏறத்தாழ 9 கிலோவைத் தாங்கும். ஒருவரின் தலையை நீருக்கு மேலே நிறுத்த அதுவே போதும்.

இளைஞர்களே! நம் பாட்டன்மார் நீரின் கணக்கைத் தோளாலும் மூச்சாலும் அறிந்தார்கள். அதனை எழுதிவைக்க அவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. உங்களுக்கு இரண்டும் கிடைத்திருக்கின்றன. பொறியியலும் நீரியலும் படியுங்கள். உங்கள் ஊர்க் கண்மாயின் மடையருகே ஒருநாள் நின்று, அங்கே மூழ்கி எழுந்தவர்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். கழகத்தின் அடுத்த மலரில் அப்பெயர்களையும், அவற்றோடு உங்கள் கணக்கையும் நாங்கள் படிக்க விரும்புகின்றோம்.