சிரிப்பு யார் பக்கம்?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



கேரிகேச்சர் என்னும் சொல்லைத் தமிழாக்கும்போதெல்லாம் எனக்குத் தயக்கம் உண்டு. 'சுமையேற்று' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது அது. மூக்கின் மீதும் தொப்பையின் மீதும் அளவுக்கு மேல் சுமையேற்றுதல். நாம் வழங்கும் கேலிச்சித்திரம், கருத்துப்படம் என்னும் இரண்டிலும் அந்தச் சுமை இல்லை. அது யார் மீது ஏற்றப்படுகிறது என்பதைக் குறித்தே பேச விழைகிறேன்.

ஜேம்ஸ் கில்ரேயின் (1756–1815) படங்கள் செப்புத்தகட்டில் அச்சாகி, கையால் வண்ணம் தீட்டப்பட்டு, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹன்னா ஹம்ப்ரியின் கடைச் சாளரத்தில் தொங்கின. வாங்கியோர் செல்வர், தெருவில் நின்று பார்த்தோர் அனைவரும். 1805ஆம் ஆண்டுப் படமொன்றில் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் விருந்து மேசையில் எதிரெதிரே அமர்ந்து உலக உருண்டையைக் கத்தியால் அரிந்து எடுத்துக்கொள்கிறார்கள். உலகப் பங்கீடு குறித்து நான் மொழிபெயர்த்த நீண்ட அறிக்கைகள் பலவற்றைக் காட்டிலும் அது தெளிவானது!

அதே கைதான் 1792இல் பாரிஸ் உழைப்பாளி மக்களை மனித இறைச்சி தின்னும் கூட்டமாக வரைந்தது. 1797 முதல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு இரகசியமாக வழங்கியது உண்மை. ஆயின் விலைபோனதால் அப்படி வரைந்தார் என்று முடித்துவிட இயலாது. படம் பணத்துக்கு ஐந்தாண்டு முந்தையது. புரட்சியைக் கண்டு நடுங்கிய வாங்குவோரின் அச்சமே அதில் பேசுகிறது.

சிரிப்பு பக்கம் மாறிய இடம் வேறு. திருச்சபை வழிபாட்டு நூல்களின் நடையில் அமைச்சர்களைப் பகடி செய்த புத்தக வணிகர் வில்லியம் ஹோன், 1817 டிசம்பரில் அடுத்தடுத்து மூன்று நாட்கள் மூன்று வழக்குகளில் நிறுத்தப்பட்டார். வழக்குரைஞர் இல்லை. ஆளும் தரப்பினரே எழுதிய பகடிகளை எடுத்துக்காட்டி வாதாடினார். மன்றத்தில் சிரிப்பலை எழுந்தது. மூன்று முறையும் ஜூரிகள் விடுவித்தனர்.

1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்கள் மீது குதிரைப்படை வாள் வீசியது. பீட்டர்லூ படுகொலை! அவ்வாண்டே ஹோனும் ஓவியர் ஜார்ஜ் குருக்‌ஷாங்கும் குழந்தைப்பாட்டு நடையில் வெளியிட்ட ஒரு ஷில்லிங் நூல் ஏறத்தாழ ஒரு இலட்சம் படிகள் விற்றது. செப்புத்தகட்டுக்குத் தனி அச்சுப்பொறி வேண்டும். மரக்கட்டைச் செதுக்கோ எழுத்துகளுடன் சேர்ந்தே அச்சாகும். மலிவின் இரகசியம் அதுதான்.

அதே 1819இல் இருவரும் போலி வங்கித்தாள் ஒன்றையும் வெளியிட்டனர். கள்ளநோட்டு மாற்றியதற்காக ஏழைகள், பெண்கள் உட்பட, தூக்கிலிடப்பட்ட காலம் அது. வங்கியாளரின் கையொப்பத்துக்குப் பதில் தூக்கிலிடுவோன் கையொப்பம், வரிசையாகத் தொங்கும் உடல்கள், சுருக்குக் கயிற்றாலேயே ஒரு பவுண்டுக் குறி. பார்க்கத் திரண்ட கூட்டம் ஹோனின் கடைத்தெருவை அடைத்தது.

குருக்‌ஷாங்க் தூய்மையானவரா? 1820 ஜூனில், மன்னரை இழிவான நிலையில் வரைவதில்லை என உறுதியளித்து 100 பவுண்டு பெற்றுக்கொண்டார். ஆகஸ்டிலேயே ஹோனுடன் சேர்ந்து மன்னரின் மணவாழ்க்கையைக் கேலி செய்யும் நூலுக்குப் படம் வரைந்தார்.