உரைத்துப் பார்த்து வாங்குவோம்

(காஞ்சிபுரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம் மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களை நாம் அனைவரும் அறிவோம். குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவற்றை நினைவு கூர்கிறோம். அவ்வூர்ச் சபையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுடன் பொன் வாரியம் என்ற ஒன்றும் இருந்தது. பொன்னின் மாற்றைக் கவனிப்பது அதன் கடமை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணை மட்டும் நம்பிப் பொருளை வாங்கலாகாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். இன்றும் காஞ்சியில் விவரமறிந்தவர்கள் ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்த்த பின்னரே சேலைக்கு விலை பேசுகின்றனர். அந்த விழிப்பு, பழைய கைபேசி வாங்கும்போது மட்டும் ஏன் நம்மை விட்டுப் போய்விடுகிறது?

பழைய கைபேசி வாங்குவதில் இழிவு ஏதுமில்லை; அது சிக்கனமே. ஆனால் நாம் அறிந்த நெசவாளர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ரசீது இல்லாமல், மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கைபேசியை அவர் வாங்கினார். சில நாட்களில் அது எந்தச் சிம் அட்டையைப் போட்டாலும் இயங்காமற் போயிற்று. அது திருட்டுப் பொருள். உரியவர் புகார் செய்து அதை முடக்கிவிட்டார். கரைக்கு எந்த வர்ணம் என்ற செய்தி அந்தக் கைபேசியில்தான் வரவேண்டியிருந்தது. செய்தி வரவில்லை, தறி நின்றது. பணமும் போயிற்று, கூலியும் போயிற்று.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கைபேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் உண்டு. இரண்டு சிம் போடும் கைபேசிக்கு இரண்டு எண்கள் இருக்கும். *#06# என்று அழுத்தினால் அவை திரையில் தோன்றும். பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பின்னர், கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களையும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் எழுதி, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023-இல் நாடெங்கும் விரிவுபடுத்திய ‘சஞ்சார் சாத்தி’ தளத்திலும் இச் சோதனையைச் செய்யலாம். தடை செய்யப்பட்டது, போலி எண், ஏற்கெனவே வேறிடத்தில் உபயோகத்தில் உள்ளது என்று பதில் வருமாயின், எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

விற்பவர் தம் கூகுள் கணக்கை நம் எதிரிலேயே நீக்கித் தர வேண்டும். அவ்வாறு நீக்காமல் கைபேசியை அழித்துத் துவக்கினால், அது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்பதையும் அமைப்புகள் பகுதியில் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகப் புதுப்பிப்பு வராத கைபேசி பேசுவதற்கு உதவலாம்; வங்கிப் பணத்தை நம்பி ஒப்படைக்க ஏற்றதன்று.

பேட்டரி

இன்றைய கைபேசிகளில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. இதை உருவாக்கிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2019-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. முற்றிலும் காலியான பின்னரே மின்னேற்ற வேண்டும் என்பது பழங்காலத்துப் பேட்டரிகளுக்குச் சொன்ன விதி, இதற்குப் பொருந்தாது. 20 முதல் 80 சதவீதத்திற்குள் வைத்திருந்தால் இது நெடுநாள் உழைக்கும். இதற்குப் பெரும் பகை வெப்பமே. ஆதலால் வயல் வரப்பில் வெயிலிலோ, டிராக்டர் மீதோ கைபேசியை வைக்கலாகாது; தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றவும் கூடாது. பின்புறம் உப்பியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டதென்று பொருள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது; அது தீப்பற்றக்கூடும். உடனே உபயோகத்தை நிறுத்தி, விவரமறிந்த பழுதுபார்ப்பவரிடம் சேர்க்க வேண்டும்.

டேட்டாவும் சேமிப்பிடமும்

காலையில் போட்ட டேட்டா மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது என்று பலர் குறைப்படுகின்றனர். வாட்ஸப்பில் வரும் படங்களும் காட்சிகளும் தாமாகவே இறங்குவது இதற்கு ஒரு முக்கிய காரணம். அமைப்புகளில் அதை நிறுத்தி வைத்தால் டேட்டாவும் மிஞ்சும், இடமும் மிஞ்சும். பெட்டியில் 64 ஜி.பி. என்று எழுதியிருப்பினும், அதில் ஒரு பகுதியைக் கைபேசியின் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும். மீதியைக் காலை வணக்கப் படங்கள் அடைத்துக்கொண்டால், உழவன் செயலியும் வங்கிச் செயலியும் புதுப்பிக்க இடமின்றித் தடுமாறும். களத்தில் பதரைத் தூற்றுவது போல, வாரம் ஒரு முறை வேண்டாதவற்றை நீக்க வேண்டும். பட்டா, புடைவை மாதிரி போன்ற முக்கியமான படங்களை வேறோரிடத்திலும் நகலெடுத்து வைப்பது நன்று.

நம் கைபேசியை விற்கும்போதும் இதே கவனம் வேண்டும். சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்து, கணக்கை நீக்கி, முழுவதும் அழித்த பின்னரே கொடுக்க வேண்டும். யாரேனும் ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால், சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஊராட்சியின் கடமை

ஆண்டில் ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அந் நாட்களில் அரை மணி நேரம், படித்த இளைஞர் ஒருவரை அமர்த்தி, ஊரார் கொண்டுவரும் கைபேசிகளின் எண்களைச் சோதித்துக் கொடுக்கச் செய்யலாம். இதற்குச் செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும். கடவுச்சொல்லையும் ரகசிய எண்ணையும் மட்டும் அவரிடமும் சொல்லலாகாது. உத்திரமேரூர்ச் சபை பொன்னுக்குச் செய்ததை, நம் சபைகள் கைபேசிக்குச் செய்யட்டும். ஒரு குடும்பத்தின் கூலிப் பணம் காப்பாற்றப்பட்டாலும், அந்த அரை மணி நேரம் பயனுள்ளதே.