முதலும் ஒன்றும்



திருவண்ணாமலை என்றவுடன் உங்கள் நினைவு அருணாசலேசுவரர் தலத்திற்கே செல்லும். நான் கூறுவது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துள்ள திருவண்ணாமலையை. அங்கே குன்றின்மேல் கோயில் கொண்டுள்ள சீனிவாசப் பெருமாளைக் காணப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மக்கள் திரள்வர். ‘மூன்று சனிக்கிழமை சென்றேன்’ என்றால் அது எண்ணிக்கை. ‘மூன்றாம் சனிக்கிழமை சென்றேன்’ என்றால் அது வரிசை. ‘ஆம்’ என்னும் சிறு சொல் மூன்று பயணங்களை ஒன்றாக்கிவிடுகிறது!

எண்ணுப் பெயரோடு ‘ஆம்’ அல்லது ‘ஆவது’ சேர்ந்தால் வரிசை பிறக்கும் என்பது விதி. இரண்டாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை என்று எண்ணிச் செல்கிறோம். ஆயினும் தொடக்கத்தில் நிற்பதை ‘முதல் வேற்றுமை’ என்கிறோம். முதல் என்பது எண்ணன்று. தொடக்கம், அடிப்படை என்னும் பொருளுடைய சொல். வணிகர் இடும் பணமும் முதலே. தலைமை இடத்தில் நிற்பதை எண்ணிக் காண வேண்டுவதில்லை அன்றோ?

‘ஒன்றாம்’ என்பதும் வழக்கில் உண்டு. ஆனால் பொருள் வேறு. ஒன்றாம் வகுப்பில் படிப்பவன் சிறுவன். முதல் வகுப்பில் தேறியவன் பட்டதாரி. பத்தைக் கடந்தாலோ ‘முதல்’ மறைந்து, ‘ஒன்று’ மீள்கிறது. பதினொன்றாம், இருபத்தொன்றாம் என்றே சொல்கிறோம்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கும் கேலிக் மொழிகளிலும் இம்முறை இருப்பது வியப்பளிக்கிறது. அங்கும் முதலாவதற்குத் தனிச்சொல் உண்டு. பதினொன்றாவதில் ‘ஒன்று’ என்னும் எண்ணே திரும்பி வருகிறது. பதினொன்றாம் நாள் என்பதை ‘ஒன்றாம் நாள் பத்து’ என்னும் அமைப்பில், பெயரை நடுவில் வைத்துச் சொல்வர். ஆங்கிலமோ இருபத்தொன்றாவதிலும் முதலாவதைக் குறிக்கும் சொல்லையே இடுகிறது.

‘ஆவது’ என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. வரிசையையும் அது காட்டும். ‘குறைந்த அளவு’ என்னும் பொருளையும் தரும். நான் ஆசிரியனாக இருந்தபோது, இரண்டு நோட்டுகளை எழுதி முடித்த ஏழை மாணவன் ஒருவனிடம், ‘நோட்டு மூன்றாவது வாங்கித் தரவும்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். மூன்று நோட்டுகளேனும் வேண்டும் போலும் என்று கருதிய அவன் தாயார், கடன் பட்டு மூன்றும் வாங்கிக் கொடுத்துவிட்டார். ‘மூன்றாம் நோட்டு’ என்று எழுதியிருந்தால் அந்த அம்மையாருக்குக் கடன் நேர்ந்திராது.

பிழை அவருடையதன்று; இலக்கணம் கற்பித்த என்னுடையது. இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதை அன்றுதான் நான் கற்றேன்.