கடையை யார் கையில் கொடுப்பது?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

டீ ஆறுவதற்குள் முடிக்கச் சொன்ன செயலாளருக்கு நன்றி.

நம் அப்பார்ட்மெண்டில் மளிகை, மெடிக்கல், பேக்கரி என்று கடை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். பிள்ளைகளோ பெங்களூரில். "எனக்குப் பிறகு கடை யாருக்கு?" என்று லிப்டிலேயே மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தருமபுரி நாலு ரோடு பக்கம் 1990 முதல் மோட்டார், பைப் கடை நடத்தினேன். அரூர்க்காரர் மரவள்ளி பிடுங்கியதும் பணம் தருவார். பாலக்கோட்டுக்காரர் தக்காளி விலை ஏறினால் தருவார். யார் பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. 2017-ல் நெஞ்சுவலி வந்து சேலத்தில் ஒரு மாதம் படுத்தேன். கடை திறந்துதான் இருந்தது, ஆனால் பாக்கி ஒரு ரூபாய் வரவில்லை. யாரிடம் கேட்பது என்று கடைப் பையனுக்குத் தெரியாது.

விற்றுவிடலாம் என்று ஒருவரை வரவழைத்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "சரக்குக்கு மட்டும் விலை தர்றேன் அண்ணா. மீதியெல்லாம் நீங்கதானே, உங்களை எப்படி வாங்குறது?" என்றார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

நம் சமையலறையில் இருக்கும் ப்ரீத்தி மிக்ஸியைப் பாருங்கள். 1978-ல் டி.டி. வரதராஜன் சென்னையில் தொடங்கியது. 2011-ல் பிலிப்ஸ் வாங்கியது. பெயரை மாற்றவில்லை, இன்றும் ப்ரீத்திதான். முதலாளி இல்லாமலும் நிற்கிற பெயர் என்பதால்தான் அதற்கு விலை என்று நான் புரிந்துகொண்டேன். விற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய மாயா அப்ளையன்சஸ் பிறகு விடியெம் மிக்ஸியைக் கொண்டுவந்தது. நம் கடை எங்கே, அது எங்கே என்பீர்கள். கணக்கு ஒன்றுதான்.

எனக்கு நாலு வருஷம் ஆனது. முதலில் பாக்கி முழுவதையும் நோட்டில் எழுதினேன். வராது என்று தெரிந்ததை அடித்துவிட்டேன், வயிறு எரிந்தது. கொள்முதலைக் கடைப் பையனிடம் விட்டேன். பையன் என்று சொல்கிறேனே தவிர, அவருக்கு அப்போதே நாற்பது வயது. வியாழக்கிழமை கடைக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். முதல் வியாழன் பதினோரு தடவை போன் போட்டேன். வீட்டம்மா போனைப் பிடுங்கி வைத்தார்.

மகனிடம் மட்டும் கேட்கவே இல்லை. அவன் வருவான் என்று நான் நினைத்திருந்தேன். அப்பா மனசு உடையும் என்று அவன் வாய் திறக்கவில்லை. கேட்டபோது அரை நிமிஷத்தில் "வேண்டாம்ப்பா" என்றான். அந்த அரை நிமிஷத்துக்கு ஆறு வருஷம் காத்திருந்திருக்கிறேன்.

2021-ல் அந்தக் கடைப் பையனுக்கே கொடுத்தேன். வெளியாள் கூடுதலாகத்தான் கேட்டார், ஆனால் இவரை வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். பாதிப் பணம் கையில், மீதி மூன்று வருஷத் தவணை, எல்லாம் எழுத்தில். கட்டட உரிமையாளரிடம் எனக்கு இருந்தது வாய்ப்பேச்சு மட்டுமே. புது வாடகை ஒப்பந்தம் போட்ட பிறகுதான் விற்பனையே நடந்தது. மோட்டார் கம்பெனி டீலர்ஷிப்பையும் அவர் பெயரில் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

ஜிஎஸ்டி எண் கைமாறாது. வாங்குபவர் புதிதாகப் பதிய வேண்டும். நடக்கும் தொழிலை அப்படியே கொடுத்தால், உங்களிடம் மீந்திருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவம் வழியாக அவருக்கு மாற்றலாம். அதற்கு ஆடிட்டர் சான்று தேவை. இதை முடித்த பிறகே உங்கள் பதிவை ரத்து செய்யுங்கள். ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும், பலர் இதை மறந்து அபராதம் கட்டுகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவர்கள் பணிக்கொடையையும் கணக்கில் எடுங்கள்.

மழை பொய்த்தபோது இரண்டு தவணை தாமதமாக வந்தது. நான் கேட்கவில்லை. பலகையில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே ஹாலில் இருப்பேன். வருபவர்கள் பாக்கி நோட்டை எடுத்து வாருங்கள். நோட்டு இல்லாதவர்கள் ஒரு புது நோட்டு வாங்கி வாருங்கள்.