நாவின் சான்று

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தாலியத் திராட்சை வகைகளைப் பற்றியும் அவற்றின் ஒயினைப் பற்றியும் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். தலைப்பைக் கண்டதும் முகம் சுளித்தோர் சிலர் இருக்கலாம். கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் அவை இது. ஆதலின் முதற்கண் ஒன்று கூறிவிடுகிறேன். எவரையும் குடிக்கத் தூண்டுவதற்காக யான் இங்கு வரவில்லை. ஒயினைச் சுவைத்துத் தரம் கூறுவது என் தொழில். சுவைப்பவன் விழுங்குவதில்லை; வாயில் ஏந்தி, நாவெங்கும் பரப்பி, உமிழ்ந்துவிடுகிறான். அவனுக்கு வேண்டுவது மயக்கமன்று, தெளிவே.

இத்தொழிலின் அரிச்சுவடியை யான் இத்தாலியரிடம் கற்கவில்லை. பனையேறியாகிய என் தந்தையாரிடம் கற்றேன். எங்கள் ஊர் நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அருகிலுள்ள செங்கல். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கல்குளமும் விளவங்கோடும் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவன் யான். பனைக்கும் அந்த எல்லை பொருந்திற்று. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இப்பால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை. ஒரே மண், ஒரே மரம். சட்டம் மட்டும் இரண்டு.

என் தந்தையார் இறக்கியது கள் அன்று, அக்கானி. பிற ஊரார் அதனைப் பதநீர் என்பர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் சாறு நொதிக்காது இனிப்பாகவே நிற்கும், தடவாவிடில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு மிகுந்தால் நாவைச் சுடும். குறைந்தால் புளிப்புத் தட்டும். விடியற்காலையில் ஒவ்வொரு கலயத்திலும் விரல் நனைத்து நாவில் வைத்துப் பார்த்த பின்னரே அதனை என் அன்னையாரிடம் கொடுப்பார். புளித்த கலயமாயின், "இது வேண்டாம், கொட்டிவிடு" என்பார். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அவர் சொல் மாறியதில்லை. ஏனெனில் புளித்த அக்கானி ஒரு கலயம் கலந்தாலும் அன்றைய பாகு முழுவதும் கெட்டுவிடும். எத்துணை நேரம் காய்ச்சினும் கருப்பட்டி இறுகாது.

இனி இத்தாலிக்கு வருவோம். அந்நாட்டு ஒயின் நமக்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் குறிக்கிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ஒயின் வந்த மதுச்சாடிகளின் ஓடுகளும், இத்தாலியின் அரெசோ நகரத்துச் செம்மட்கலங்களின் ஓடுகளும் கிடைத்தன. 2007 முதல் கேரளத்துப் பட்டணத்தில் நடந்த அகழாய்விலும் இத்தாலியக் கம்பானியாவின் சாடி ஓடுகள் வெளிப்பட்டன.

அந்த அரெசோ நகரம் இருப்பது தஸ்கனி நாட்டில். இன்று அந்நாட்டின் தலையாய திராட்சை சாஞ்சியோவேசே. கியாந்தி, புரூனெல்லோ என்னும் புகழ்பெற்ற ஒயின்கள் இதிலிருந்தே பிறக்கின்றன. வியப்பு என்னவெனில், அக்கொடி இன்று நாம் வாழும் மகாராட்டிரத்திலேயே காய்க்கிறது. சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் இத்தாலிய உடன்பிறப்பினரும் நம் நாட்டு உடன்பிறப்பினரும் கூடித் தொடங்கிய பிராட்டெல்லி நிறுவனம் அதனைப் பயிரிடுகிறது. "பிராட்டெல்லி" என்பதற்கு இத்தாலிய மொழியில் "உடன்பிறந்தார்" என்பதே பொருள். இத்தாலியில் இலையுதிர் காலத்தில் நடைபெறும் அறுவடை, இங்கே சனவரி முதல் மார்ச்சு வரை நடைபெறுகிறது. மழை ஓய்ந்ததும் கொடியைக் கவாத்துச் செய்து, வெயில் முற்றுமுன் பழுக்கவைக்கும் உத்தி அது.

சாஞ்சியோவேசேயைச் சுவைத்த வெள்ளையர் செர்ரிப் பழத்தின் புளிப்பை அதில் காண்பர். செர்ரியை அறியாத நான் முதலில் திகைத்தேன். பின்னர் என் நாவையே கேட்டேன். அது நாவற்பழம் என்றது. புளிப்பு முன்னே வந்து நாவில் நீர் ஊறச் செய்கிறது. துவர்ப்பு பின்னே வந்து அந்நீரை வற்றச் செய்கிறது. அறுசுவையுள் துவர்ப்புக்குத் தனியிடம் அளித்த மொழி நம்முடையது. தோலிலும் விதையிலும் உள்ள அத்துவர்ப்பே செவ்வொயினுக்கு முதுகெலும்பு. இதைக் கூறக் கடன் சொல் எதற்கு?

விருந்தினர்க்கு எதனைப் பரிந்துரைப்பது என்று என்னைக் கேட்போர் பலர். சுருங்கக் கூறுவேன். புளிக்குழம்பும் தக்காளியும் உள்ள இலைக்குச் சாஞ்சியோவேசே. உணவில் புளிப்பிருந்தால் ஒயினிலும் அது வேண்டும், இல்லையேல் ஒயின் சப்பென்றிருக்கும். பியட்மாண்டு நாட்டு நெபியோலோ உயர்ந்ததே. பரோலோ அதன் ஒயின். நிறம் வெளிறியிருப்பினும் துவர்ப்பு கடுமையானது. மிளகாயோடு சேர்ந்தால் நாவை எரிக்கும். அதே நாட்டுப் பார்பேராவில் துவர்ப்புக் குறைவு. நம் உணவுக்கு அது இணங்கும். காரத்துக்கு ஏற்றது மொஸ்காத்தோ தாஸ்தி. இனிப்பு உண்டு, மெல்லிய நுரை உண்டு, மது நூற்றுக்கு ஐந்தளவே. இவை அருந்துவோர்க்குக் கூறும் சொல். அருந்தாதோர்க்கு நான் கூறுவது ஒன்றுமில்லை, வணக்கம் ஒன்றே.

இனி, கூற நாணும் ஒன்றையும் கூறவேண்டும். தொழிலில் நுழைந்த புதிதில் ஒரு சுவைக்கூடத்தில் மூத்தோர் நால்வருடன் அமர்ந்திருந்தேன். வந்த சரக்கு வெயிலில் வெந்து கெட்டிருந்தது. என் நா உடனே அறிந்தது. மூத்தோர் நால்வரும் "நன்று" என்றனர். யானும் "நன்று" என்றேன். சிற்றுணவகம் தொடங்கியிருந்த நம் தமிழ் நண்பர் ஒருவர் என் சொல்லை நம்பி அச்சரக்கை வாங்கினார். உண்டோர் முகம் திருப்பினர். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அண்ணா, நீங்கள் சொன்னீர்களே என்றுதான் வாங்கினேன்" என்றார், அவ்வளவே. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. அரிசி இல்லாத நாளிலும் புளித்த கலயத்தைக் கொட்டியவருடைய மகன் அல்லவா யான்! மறுநாள் அந்நண்பரிடம் சென்று உண்மையை உரைத்தேன்; இழப்பிற் பாதியை ஏற்றுக்கொண்டேன். அன்று முதல் சுவைத்தவுடன் எவர் வாயும் திறக்குமுன் என் கருத்தை எழுதி வைத்துவிடுகிறேன். பிறர் சொல்லைக் கேட்பது அதன் பின்னரே.

அன்பர்களே, தந்தையார் மறைந்த பின் எங்கள் விளையில் பனையேற ஆளில்லை. மரங்கள் நிற்கின்றன; பாளைகள் அரிவாரின்றி முற்றிக் காய்கின்றன. கியாந்தி என்னும் ஊர்ப்பெயரைத் தஸ்கனி உழவர் சட்டத்தால் காத்துக்கொண்டனர். எங்கள் எல்லைக்கு அப்பாலுள்ள மார்த்தாண்டத்துத் தேனும் கன்னியாகுமரி மட்டி வாழையும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. ஆனால் குறியீட்டுக்கு முன் வேண்டுவது, நல்லது இது, தீயது இது என்று அஞ்சாது கூறும் நா. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கொடுங்கள். அது எப்படி இருக்கிறதென்று கேளுங்கள். அவர்கள் விடை கூறுமுன் நீங்கள் கூறிவிடாதீர்கள்.