சிப் செய்யக் கைப்பக்குவம் வேண்டும்

(கொல்கத்தா உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

செமிகண்டக்டர் தொழில் நம் தேசத்தில் மறுபடி தழைக்குமா என்று பேசச் சொன்னார்கள். மின்னணுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் கொல்கத்தாவுக்கு மூத்த உரிமை உண்டு. இங்கே பிரஸிடென்ஸி கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு ரேடியோ அலைகளை உணரும் கருவி செய்தார். 1904-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1960-களில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து டிரான்ஸிஸ்டர் கம்ப்யூட்டர் ஒன்றை இங்கேயே உருவாக்கின. அறிவுக்கு நம்மிடம் பஞ்சம் இருந்ததில்லை.

பிறகு ஏன் பின்தங்கினோம்? மொஹாலியில் அரசு நிறுவிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியது. தைவானின் டிஎஸ்எம்சி பிறந்ததே 1987-ல்தான். ஆனால் 1989 பிப்ரவரியில் மொஹாலி ஆலையில் பெரும் தீ விபத்து. மீண்டு எழப் பல வருஷங்கள் ஆயின. அதற்குள் உலகம் சில தலைமுறைகள் தாண்டிவிட்டது. இஸ்ரோவின் விக்ரம் சிப் இன்று அங்கேதான் 180 நானோமீட்டர் முறையில் தயாராகிறது. அது நமக்குப் பெருமை. ஆனால் செல்போன் சந்தைக்கு அந்த முறை போதாது.

சிரமம் எங்கே என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். ஒரு சிப் உருவாக நூற்றுக்கணக்கான படிகள் உண்டு. 500 படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஆயிரத்துக்கு 999 சரியாக வந்தாலும், கடைசியில் தேறுவது சுமார் 60 சதவீதம்தான். கண நேரம் மின்சாரம் தடுமாறினாலும், தண்ணீரில் அணுவளவு அழுக்கு இருந்தாலும் சரக்கு வீண்.

2021-ல் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 2024-ல் குஜராத்தின் தோலேராவில், தைவானின் பவர்சிப்புடன் சேர்ந்து டாடா அமைக்கும் 91,000 கோடி ரூபாய் ஆலைக்கு அனுமதி கிடைத்தது. அதே வருஷம் செப்டம்பரில் குளோபல்ஃபவுண்டரீஸின் கொல்கத்தா மையம் பற்றி இந்திய-அமெரிக்கக் கூட்டறிக்கையில் சொல்லப்பட்டது. அது ஆராய்ச்சிக்கான மையம். ஆலை வேறு, ஆராய்ச்சி வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

கட்டடமும் மெஷினும் பணத்தால் வரும். கைப்பக்குவம், ஒரே ஆலையில் பத்து வருஷம் நின்று உழைத்தவர்களிடம்தான் இருக்கும். சிப் வடிவமைப்பில் நம் பிள்ளைகள் உலகெங்கும் பேர் வாங்கியிருக்கிறார்கள். ஆலை வேலை என்றால் மட்டும் "ராத்திரி ஷிஃப்டா?" என்று நம் வீடுகளில் முகம் சுளிக்கிறோம்.

பல ஊர்களில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வேதியியலோ, பௌதிகமோ, இயந்திரவியலோ படித்த பிள்ளையோ பெண்ணோ அந்த வேலைக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். சம்பளத்தை மட்டும் பார்த்து இரண்டே வருஷத்தில் வேறு இடம் மாறச் சொல்லாதீர்கள். அவர்கள் நிலைத்து நின்றால்தான் ஆலையும் நிலைக்கும்.